இறக்கம் வந்தால் அம்மா இறங்கிவிடுவாள்

ஏப்ரல் 21, செவ்வாய்

வேதியியலோடு தேர்வுகள் முடிந்தன. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் இன்று எழுத வேண்டியது அது இல்லை.

அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தண்ணீர்க் கேனைத் தூக்கியிருக்கிறார். இரண்டு வருடமாக நான் படித்து, கேட்டு, கெஞ்சி, வீட்டில் எல்லோரையும் அரித்தெடுத்து வாங்கிய பயணம் ஒரு கேன் தண்ணீரில் போயிற்று. தார் போடாத மலைப்பாதைகளில் ஐந்து நாள் சைக்கிள். முன்னால் ஒரு கைடு. இரவில் மின்சாரம் இல்லாத மரக் கேபின்களில் படுக்கை. ஐந்தாம் நாள், ஜீப் கூடப் போக முடியாத ஒரு கணவாயைத் தாண்டி மலையின் மறுபக்கம் இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் எந்த மலையையும் தாண்டியதில்லை. சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

அவர்கள் விதி இது: பதினெட்டு வயதாகாதவர்கள் வந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே சைக்கிள் ஓட்ட வேண்டும். அவர் பாதியில் நின்றால் பிள்ளையும் நிற்க வேண்டும்.

சாப்பிடும்போது நான் சோற்றை ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். அம்மா தட்டைக் கழுவப் போகிற போக்கில், "நான் வரேன்" என்றாள்.

அப்பா சிரித்தார். சிரித்ததில் முதுகு இன்னும் பிடித்துக்கொண்டது.

அம்மா மருந்துக்கடை நடத்துகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிள் தொட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. படுகிறேன். ஆனாலும் —

ஏப்ரல் 25, சனி

அம்மாவுக்குப் பயிற்சி. தெருமுனை வரை போனாள். போகும் வழியில் யாரெல்லாமோ நலம் விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் இறங்கி நின்று பதில் சொன்னாள். ஓட்டிக்கொண்டே பேசலாம் என்றேன். "மரியாதையா இருக்காதுடி" என்றாள்.

ஏப்ரல் 29, புதன்

அம்மாவின் பையில் மருந்துப் பெட்டி. என் பையில் இரண்டு புத்தகம். எது தேவையில்லாத எடை என்று வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு புத்தகம் அலமாரிக்குத் திரும்பிப் போனது.

மே 3, ஞாயிறு. முதல் கேபின்

வந்துவிட்டோம். தொடை நடுங்குகிறது, ஆனாலும் எழுதாமல் படுக்க மாட்டேன்.

எங்கள் கூட்டம் சின்னது. முன்னால் போகிறவர் கைடு. எதைக் கேட்டாலும் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்கிறார், அதனால் அவருக்கு நான் கொஞ்சதூரம் என்று பெயர் வைத்துவிட்டேன். என்னைப் பாப்பா என்கிறார். எனக்குப் பதினைந்து முடிந்துவிட்டது என்று சொன்னேன். "அப்படியா பாப்பா" என்றார்.

கடைசியில் வருகிற அக்காவின் வேலை, யாரும் பின்தங்கிப் போகாமல் பார்ப்பது. பஞ்சர் ஒட்டுவதும் அவர்தான். அவரை எல்லோரும் வால் என்கிறார்கள், அவரும் கோபப்படுவதில்லை. நடுவில் நாங்களும் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது தூரம், உயரம், நாடித்துடிப்பு எல்லாம் சொல்லுமாம். அதைப் பார்த்துக்கொண்டே வருவதால் மலையை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆன்ட்டி அவரிடம் பேசுவதே அந்தக் கடிகாரத்தைத் திட்டத்தான்.

ஒரு நல்ல முறையைக் கற்றுக்கொண்டேன். பாதை பிரியும் இடம் வந்தால் கொஞ்சதூரம் தனக்கு அடுத்து வருகிறவரை அங்கே நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அப்படி நிற்கிறவர், பின்னால் வருகிற எல்லோருக்கும் கையை நீட்டிச் சரியான வழியைக் காட்ட வேண்டும். வால் அக்கா வந்து தாண்டிய பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகரலாம். பலகையும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம், மனிதர்களே பலகை. எவ்வளவு அழகான ஏற்பாடு! இன்று நான் இரண்டு இடத்தில் நின்றேன்.

இரண்டு இடத்திலும் யுகக் கணக்காக நின்றேன். ஏனென்றால் அம்மா.

அம்மா ஏற்றத்தில் மெதுவாக வருகிறாள், அது பரவாயில்லை. ஏற்றம் யாருக்கும் கஷ்டம்தான். ஆனால் இறக்கம் வந்தால் இறங்கிவிடுகிறாள்! எல்லோரும் ஏறியதற்குக் கூலியாக இறக்கத்தில் பறந்து போகிறார்கள். அம்மா மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். பக்கத்தில் பாவம், வால் அக்காவும் நடக்கிறார். சரளைக்கல்லில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும், முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது, வண்டியை அதன் போக்கில் விட வேண்டும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

"அதன் போக்குல விட்டா அது எங்க போகும்னு அதுக்கே தெரியாதுடி" என்கிறாள்.

மே 4, திங்கள். இரண்டாம் கேபின்

கேபின் என்றால் பலகைச் சுவர், தகரப் புகைபோக்கி வைத்த ஓர் அடுப்பு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள். எங்கும் புகையும் ஈரக் காலுறையும் கலந்த வாசனை. கூரையில் ஏதோ ஓடுகிறது. எலியா என்று கேட்டேன். "எலி மாதிரிதான்" என்றார் கொஞ்சதூரம். அதற்கு மேல் கேட்கவில்லை.

கழிப்பறை வெளியே, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருக்கிறவர் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. டாக்டர் முணுமுணுப்பார். ஆன்ட்டி சுருதியோடு பாடுவார். அம்மாவுக்குப் பாட வராது, அதனால் உள்ளே இருந்தபடியே வெளியில் நிற்கிறவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். வெளியே யாரும் இல்லையென்றாலும்.

அம்மா மருந்துப் பெட்டியைத் திறந்ததிலிருந்து கேபின் அவளுடைய கடையாகிவிட்டது. கொஞ்சதூரம் முட்டியைக் காட்டுகிறார். டாக்டரே வந்து, "மேடம், இந்த வயித்துக்கு..." என்று இழுக்கிறார். எங்கள் பெரிய பைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வேறு வழியாக வந்து கேபினில் சமைத்து வைக்கிறவர் கொஞ்சதூரத்தின் மனைவி, எனக்கு ஜீப் அக்கா. அவரும் அம்மாவும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன்.

ஜீப் அக்காதான் சொன்னார். "கல்யாணத்துக்கு முன்னாடி இவர்கிட்ட உங்க வீடு பஸ் ஸ்டாப்லேர்ந்து எவ்வளவு தூரம்னு கேட்டேன்மா. கொஞ்ச தூரம்தான்னார். முதல் நாளே செருப்பு அறுந்துபோச்சு."

எல்லோருக்கும் அம்மாவைப் பிடித்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். யாருக்காவது எரிச்சல் வந்தால் அவள் கொஞ்சம் வேகமாக வருவாள் அல்லவா? எல்லோரும், "நிதானமா வாங்க அக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார்கள். எனக்கு அவசரம். கணவாய் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்காது.

இன்று துணி துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக ஒரு பாதை. பற்கள் கிடுகிடுத்தன. டாக்டருக்குத் தொழில் இங்கேயே நடக்கும் என்றேன். கேட்டுச் சிரித்தது அம்மா மட்டும்தான்.

மே 5, செவ்வாய். மூன்றாம் கேபின்

அம்மாவிடம் கத்திவிட்டேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் போய்விட்டது. கொஞ்சதூரம் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். வானத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். நாளை கடைசிக் கேபினுக்கு மதியத்துக்குள் வந்து சேராதவர்களை மறுநாள் கணவாய்க்குக் கூட்டிப் போக முடியாதாம். மேலே போய் இருட்டில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடம் கிடையாது. "அம்மா ஜீப்ல போனா நீயும் ஜீப்லதான் பாப்பா. நான் வேணும்னு சொல்லல." அவர் பாப்பா என்றது கூட அப்போது உறைக்கவில்லை.

அம்மா படுக்கையில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். நாளைக்கு ஓர் இறக்கத்தில் மட்டுமாவது ஓட்டிப் பார் என்றேன். "பார்க்கலாம்" என்றாள். அம்மா பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும்.

"உன்னை யாரு வரச் சொன்னா? அப்பாவுக்குச் சரியானதும் அடுத்த வருஷம் அவரோட வந்திருப்பேன்ல? நீ வந்து எல்லாத்தையும் கெடுத்துட்ட."

கேபினில் எல்லோருக்கும் கேட்டது. இந்தக் கூரையில் ஓடிக்கொண்டிருந்த "எலி மாதிரி" கூட நின்றுவிட்டது.

அம்மா தைல மூடியைத் திருகி மூடினாள். "அடுத்த வருஷம் உனக்குப் பெரிய பரீட்சை. எப்படி வருவ?" என்றாள். கோபமே இல்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு, "போர்வை பத்தலேன்னா என்னோடதை எடுத்துக்க, புலவரே" என்றாள்.

புலவர் என்று கூப்பிட வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

எடுத்துக்கொள்ளவில்லை. குளிருகிறது.

மே 6, புதன்

இன்று முடியாது. நாளை.

மே 7, வியாழன். ஜீப்பில்

ஜீப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது மணிக்கட்டு கட்டோடு இருக்கிறது. வலது கையால் எழுத முடிகிறது, ஆனால் தாள் நகர்கிறது. அதன்மேல் ஒரு டீ டம்ளரை வைத்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் ஜீப் அக்கா தூங்குகிறார். நாங்கள் கணவாயின் மறுபக்கத்தில், அடிவாரத்தில், பாதையோரமாகக் காத்திருக்கிறோம்.

நேற்றிலிருந்து எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

காலையில் டாக்டருக்கும் ஆன்ட்டிக்கும் சண்டை. கடிகாரத்துக்கு மின்சாரம் ஏற்ற, ஆன்ட்டியின் டார்ச்சில் இருந்ததையெல்லாம் டாக்டர் உறிஞ்சி எடுத்துவிட்டார். "இன்னிக்கு உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி எல்லோருக்கும் முன்னால் கிளம்பிப் போனார். போன வேகத்தில் மழைக்கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. கூடவே பஞ்சுப்பொதி மாதிரி மூட்டம்.

ஆன்ட்டி நனைந்துபோய் ஒரு பாறைக்கடியில் ஒதுங்கியிருக்கிறார். கொஞ்சதூரமும் டாக்டரும் நானும் அவரைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விட்டோம். அவரும் கூப்பிடவில்லை, முன்னால் வந்தது டாக்டர் அல்லவா. கடைசியில் வந்த அம்மாதான் பார்த்திருக்கிறாள். தன்னுடைய மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி ஆன்ட்டிக்குப் போட்டு, தொப்பியையும் இழுத்துவிட்டு, "நீங்க முன்னாடி போங்க" என்று அனுப்பிவிட்டாள். அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டாளாம். அது அம்மாவால் முடியும்.

இப்போது நடந்த தவறு. இது யார் மேல் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

பாதை பிரியும் இடத்தில் வால் அக்கா தாண்டும்வரை நிற்க வேண்டும். ஆனால் மூன்று நாளாக வால் அக்கா அம்மா பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார். அதனால் தூரத்தில் மஞ்சள் கோட்டு தெரிந்தாலே கடைசி ஆள் வந்தாயிற்று என்று நாங்கள் கிளம்பிவிட ஆரம்பித்திருந்தோம். டாக்டர் அப்படிச் செய்தார். ஆன்ட்டியும் செய்தார். நானும் செய்தேன், இன்னொரு நிமிடம் நின்றால் அம்மாவிடம் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று.

நேற்று பெரிய பிரிவில் நின்றது டாக்டர். வலது பக்கம் ஏறுகிற பாதை எங்களுடையது. இடது பக்கம் இறங்குகிற அகலமான பாதை வேறு எங்கோ போகிறது. மூட்டத்துக்குள்ளிருந்து மஞ்சள் கோட்டு வந்தது, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. மனைவி தனக்கு முன்னால் போய்விட்டார் என்று நினைத்திருந்த டாக்டர், அது அம்மா, பின்னாலேயே வால் என்று கிளம்பிவிட்டார். போனது அவர் மனைவி. இருபது வருடம் குடும்பம் நடத்திய மனைவி.

அம்மாவும் வால் அக்காவும் வெகு பின்னால் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வால் அக்காவின் சக்கரம் பஞ்சர். "நீங்க மெதுவா போங்க, முன்னாடி பிரிவுல ஆள் நிப்பாங்க" என்று அம்மாவை அனுப்பியிருக்கிறார்.

பிரிவில் ஆள் இல்லை.

கடைசிக் கேபினில் நான் கேபின் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மதியம் ஆகப் போகிறது, போச்சு, எல்லாம் போச்சு என்று மனதுக்குள் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுப்புப் பக்கத்தில் ஆன்ட்டி மஞ்சள் கோட்டைக் கழற்றினார். டாக்டர் அதைப் பார்த்தார். ஆன்ட்டியைப் பார்த்தார். "அது நீயா?" என்றார்.

ஆன்ட்டி, "பின்ன யாருன்னு நினைச்சீங்க?" என்றார்.

யாரும் எதுவும் சொல்வதற்குள் வால் அக்கா வந்தார். தனியாக. "அம்மா வந்துட்டாங்கல்ல?" என்றார்.

கொஞ்சதூரம் ஜீப் அக்காவுக்கு வயர்லெஸ்ஸில் பேச ஆரம்பித்தார். யாரும் வெளியே போகக் கூடாது, நானும் வாலும் போறோம் என்று சொல்வது கேட்டது. நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இருந்தேன். அவர் பேசி முடிக்கக் காத்திருக்க முடியவில்லை. பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டார். நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த இறக்கத்தில் நான் எதைப் படித்தேனோ எதற்கு அடிக்கோடு போட்டேனோ ஒன்றும் நினைவில் இல்லை. இடது பக்கப் பாதை எங்கே போகும்? அவளிடம் சாப்பிட என்ன இருக்கும்? நேற்று என்ன சொன்னேன்? கடைசியாக அவளிடம் நான் சொன்னது என்ன? காலையிலும் பேசவில்லை. குட் மார்னிங் கூடச் சொல்லவில்லை.

கடைசி வளைவு திரும்பினேன். பிரிவு தெரிந்தது.

அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். தலையில் பிளாஸ்டிக் பை. சைக்கிளைப் புதரில் சாய்த்துவிட்டு, ஏறுகிற பாதையைக் காட்டி வலது கையை நேராக நீட்டிக்கொண்டு, மழையில், யாருமே இல்லாத பாதையைப் பார்த்து.

பிரேக்கைப் பிடித்தேன். முன் பிரேக்கை, வெடுக்கென்று. புத்தகத்தில் எப்படிச் சொல்லியிருந்ததோ அப்படியே விழுந்தேன்.

"மெதுவாடி, சரளை" என்றபடி ஓடி வந்தாள்.

"இங்க என்னம்மா பண்ற?"

"வால் பொண்ணு இன்னும் வரலடி. நான் தப்பா இடது பக்கம் போயிட்டேன். கீழ ஒரு பூட்டின கேட்டு, அதுக்கு மேல வழியில்ல. தள்ளிக்கிட்டே திரும்பி ஏறி வந்தா இங்க ஒருத்தரும் இல்ல. அவளும் அந்தப் பக்கம் போயிடப் போறாளேன்னு நிக்கறேன்."

வால் அக்கா இந்தப் பாதையில் வருடக்கணக்காகப் போய் வருகிறவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவார். அம்மா கீழே போய் முட்டிக்கொண்டு திரும்பி ஏறுவதற்குள் அவர் பஞ்சர் ஒட்டிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார். அவருக்கு வழி காட்ட அம்மா அவ்வளவு நேரமும் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது? அழுதேன். கை வலிக்கிறது என்று சொன்னேன். வலிக்கவும் செய்தது.

அம்மா கையைத் தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். பிறகு நான் முதுகிலிருந்து கழற்றவே மறந்திருந்த பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து, கெட்டி அட்டையை ஒரே இழுப்பில் கிழித்தாள். என்னைக் கேட்கவில்லை! அதை மணிக்கட்டுக்கு அணைகொடுத்துத் துணியால் கட்டினாள். பின்னாலேயே வந்துசேர்ந்த கொஞ்சதூரம், "பிரமாதம் மேடம்" என்றார். முதல் ஐம்பது பக்கம் தனியாகக் கழன்று வந்துவிட்டது.

இது நேற்று. இன்று காலை என்ன நடந்தது என்றால்:

இந்தக் கையோடு நான் சைக்கிள் ஓட்டக் கூடாது. அது எனக்கே தெரியும், பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை. அப்படியென்றால் ஜீப். அம்மா ஏற்கெனவே தன் பையை ஜீப்பின் முன்பக்கம் போட்டுவிட்டாள். கொஞ்சதூரத்துக்கு முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதன்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"நீ போம்மா" என்றேன்.

"நீ இல்லாம நான் எதுக்குடி? நான் வந்ததே உனக்காகத்தானே."

"எனக்காகத்தான் போகச் சொல்றேன். ரெண்டு பேரும் ஜீப்ல போனா நம்ம வீட்ல யாருமே தாண்டலன்னு ஆயிடும். மறுபடியும் சுத்திக்கிட்டுப் போன குடும்பம் ஆயிடுவோம்."

"இவ என்ன பேசறா பாருங்க" என்று அம்மா ஆன்ட்டியிடம் சொன்னாள்.

ஆன்ட்டி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "நீங்க வரலேன்னா நானும் வரல அக்கா. இவரோட தனியா ஒரு மலையைத் தாண்ட என்னால முடியாது."

டாக்டர் அம்மாவின் சைக்கிளை நிறுத்தி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்சதூரம் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். "மேடம், நேத்து நீங்க மதியத்துக்குள்ள வராதது எங்க தப்பு, அதை விடுங்க. நேர்மையா சொல்றேன். ஏற்றம் பெரிய ஏற்றம். இறக்கம் அதைவிடப் பெரிசு. நீங்க நடந்து இறங்கினா ராத்திரி ஆயிடும்."

ஜீப் அக்கா இங்கே குறுக்கே புகுந்தார். "எவ்வளவு தூரம்னு சொல்லுங்க அவங்களுக்கு."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "கொஞ்ச தூரம்தான்" என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே அம்மா பையை ஜீப்பிலிருந்து எடுத்துவிட்டாள். மருந்துப் பெட்டியை என் மடியில் வைத்து, எந்த மாத்திரை எப்போது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "பயமா இருந்தா ஜீப் அக்கா கையைப் பிடிச்சுக்க" என்றாள். யாருக்குப் பயம்?

போய்விட்டாள். மஞ்சள் கோட்டில், கடைசியில். மேலே ஏறி மூட்டத்துக்குள் போகும்வரை பார்த்தேன். நான் இரண்டு வருடம் படித்த கணவாய்க்கு அம்மா போகிறாள். அங்கே எந்தப் பாறை எந்தக் காலத்தது, எங்கே நீர் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடுகிறது, ஒன்றுமே தெரியாமல் போகிறாள்!

மழை நின்றிருக்கிறது. இங்கிருந்து கணவாய் தெரியவில்லை.

மே 8, வெள்ளி. ரயிலில்

நேற்று மாலை ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து நின்றிருந்தேன். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. முதலில் கொஞ்சதூரம் வந்தார். என்னைப் பார்த்து ஏதோ சைகை செய்தார், புரியவில்லை. பிறகு டாக்டர், கடிகாரம் இல்லாத கையோடு. கடிகாரம் எங்கே என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

இனி ஆன்ட்டி வருவார், அம்மா நடந்து வர இருட்டிவிடும், டார்ச்சை எடுத்து வைக்கலாம் என்று நான் ஜீப்புக்குள் கையை விட்டேன்.

மேலே பாதையில் புழுதி கிளம்பியது. சரளை சிதறுகிற சத்தம். மஞ்சள் கோட்டு காற்றில் உப்பி, முதுகில் மூட்டை கட்டிய மாதிரி. ஆன்ட்டிதான் மறுபடியும் கோட்டை வாங்கிக்கொண்டாரா என்று ஒரு கணம் நானும் ஏமாந்தேன். அம்மா! வாயைத் திறந்துகொண்டு, கண்ணைப் பாதையை விட்டு எடுக்காமல், உடம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா" என்று கூப்பிட்டேன். ஜீப்பையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டி, வளைவு திரும்பிப் போய்விட்டாள்.

ஜீப் அக்கா, "போறாங்களே" என்றார்.

வண்டியைக் கிளப்பி விரட்டிக்கொண்டு போய்த்தான் பிடித்தோம். பாதை சமமாகி வண்டி தானாக நின்ற இடத்தில், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஹேண்டிலை விடாமல் நின்றிருந்தாள். விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

"எப்படிம்மா?"

"பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப் போச்சுடி. விட்டுட்டேன்."

அவ்வளவுதான் விளக்கம்.

சரி, மேலே என்ன பார்த்தாய், ஒன்று விடாமல் சொல் என்று நேற்று இரவு முழுக்கக் கேட்டேன், இன்று ரயிலிலும் கேட்டேன். "ஒரே மேகம்டி, ஒண்ணும் தெரியல" என்றாள். வேறு? "ஒரு ஆடு நின்னுச்சு." வேறு? யோசித்தாள். "காத்து நல்லா இருந்துச்சு."

இரண்டு வருடம்! ஒரு ஆடு.

இப்போது என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். அடிபட்ட கை இருக்கிற பக்கத்துத் தோள். எழுப்பலாமா?

மே 10, ஞாயிறு

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு. அப்பா முதுகோடும் நான் கையோடும் சோபாவில். அம்மா சைக்கிளில் கடைக்குப் போயிருக்கிறாள்.

ஜூன் 2, செவ்வாய்

பள்ளி திறப்பதற்கு முன் கடையில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னாள். ஒரு கையால் பில் போடலாம், மருந்து அடுக்க முடியாது. அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து, பசை போட்டு ஒட்டிய என் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் கட்டைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். ஒரு மாதமாக அம்மா அவர்களுக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று இன்றுதான் காதில் விழுந்தது.

சர்க்கரை மாத்திரை வாங்க வந்த போஸ்ட் மாஸ்டர் மாமாவிடம் சொல்கிறாள்: "நானும் இவளும் அந்த மலையைத் தாண்டினோம் சார். பெரிய கணவாய். தாண்டி இந்தப் பக்கம் இறங்கினதும்தான் விழுந்து கையை உடைச்சுக்கிட்டா."

வரிசையை மாற்றிச் சொல்கிறாள். விழுந்தது முந்தின நாள், தாண்டியது மறுநாள், தாண்டியது அவள் மட்டும். தேதி தப்பு, இடம் தப்பு, ஆள் கணக்கு தப்பு. வாயைத் திறந்துவிட்டேன். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் எனக்கு வாய் தானாகத் திறந்துவிடும்.

அம்மா மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

"அடேங்கப்பா. மேல ரொம்பக் குளிராம்மா?"

"ரொம்ப" என்றேன்.